‘செய்’ இல்லை, ‘செய்க’

நோட்டின் முதல் பக்கத்தில் ‘சூனியம் கற்றல்’ என்று எழுதினேன். எழுதின கையோடு அடித்தும் விட்டேன். அழுத்தி அடித்ததில் அடுத்த இரண்டு பக்கங்களிலும் தடம் விழுந்துவிட்டது. இப்போதும் விரலால் தடவினால் தெரியும்.

அன்று பிப்ரவரி 1. தேவியையும் தேவனையும் வணங்கி, சூனியத்தையே வழிபாடாகக் கொள்ளும் மேலைநாட்டு நெறி விக்கா. அதில் அது இம்போல்க் திருநாள். குளிர் இன்னும் விடாத வேளையில் வெளிச்சம் திரும்பி வருவதை வரவேற்கும் நாள். விக்காவில் தீட்சை கேட்டு வருபவரை ஒரு வருடமும் ஒரு நாளும் படித்துப் பழகச் சொல்வது மரபு. எனக்குத் தீட்சை தர யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை நானாக எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம், ஒரு நாள், ஒரு நோட்டு. எல்லாம் தமிழில், எல்லாம் கையெழுத்தில்.

கையெழுத்துக்குக் காரணம் உண்டு. விக்காவில் ஒவ்வொருவரும் ‘நிழல்களின் புத்தகம்’ என்று ஒரு ஏடு வைத்திருப்பார்கள். விக்காவைப் பரப்பிய கார்ட்னர் என்பவரின் மரபில் சேருபவர், தீட்சை தந்தவரின் ஏட்டைப் பார்த்துத் தன் கையாலேயே படி எடுக்க வேண்டும். தமிழுக்குக் காரணம் என் வேலை. ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. இருபது வருடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: ஆங்கிலத்தில் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் எது புரியவில்லை என்று தெரியும்.

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. சூனியம் என்றால் நம் காதில் விழுவது கெடுதல் மட்டும்தான். ஒருவர் மேல் வைப்பது, ஒருவருக்கு எதிராகச் செய்வது. மாந்திரீகம், மாயவித்தை என்று மாற்றிப் பார்த்தேன். அவற்றில் வழிபாடு இல்லை. ஆங்கிலத்தில் ‘விட்ச்’ என்ற சொல்லும் இதே நிலையில்தான் இருந்தது. விக்காவினர் அதைத் தெரிந்தே கையில் எடுத்துக்கொண்டார்கள். ‘விக்கா’ என்பது பழைய ஆங்கிலத்தில் சூனியக்காரனைக் குறித்த சொல். பெண்பால் ‘விக்கே’. அன்று அதை ‘விச்சா’ என்பதுபோல உச்சரித்திருக்கிறார்கள். ‘ஞானி’ என்ற வேரிலிருந்து வந்த சொல் என்று பலர் எழுதுகிறார்கள். மொழியியல் அதை ஏற்பதில்லை. நான் ‘விக்கா’ என்றே வைத்துக்கொண்டேன்.

அடுத்த அடித்தல் மார்ச்சில். அதுதான் எனக்கு வலித்தது.

ஐரோப்பாவில் 90 லட்சம் பேரைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள், அவர்கள் எல்லாம் பழைய தாய்த்தெய்வ மதத்தைக் காத்தவர்கள், அந்த மதத்தின் தொடர்ச்சிதான் விக்கா என்று நம்பி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது கண் கலங்கியது. அப்புறம் வரலாற்றாசிரியர்கள் எழுதியதைப் படித்தேன். கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை. இங்கிலாந்தில் அவர்களை எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். அவர்கள் ரகசிய மதம் ஒன்றைப் பின்பற்றினார்கள் என்பது 1921இல் மார்கரெட் மர்ரே என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து. அது ஆய்வில் நிற்கவில்லை. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சாதாரணக் கிறிஸ்தவர்கள். அண்டை வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கும் பயத்துக்கும் பலியானவர்கள். 40,000 பேர் என்றாலும் 40,000 உயிர்தான். அந்தத் துயரத்தைப் பெருக்கிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான்கு பக்கத்தையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன்.

அப்படியானால் விக்கா எப்போது வந்தது? ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் 1884இல் பிறந்தவர். இளைஞராக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று இருந்து, 1936இல் சுங்க அதிகாரியாக ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939 செப்டம்பரில் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு குழு தனக்குத் தீட்சை தந்தது என்றார். அந்தக் குழு பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் கார்ட்னர் இந்த நெறியைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் அதே மர்ரே. ஆக, என் அம்மாவைவிடச் சில வருடமே மூத்த மதம்.

இரண்டு வாரம் நோட்டைத் திறக்கவில்லை.

என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் டோரீன் வேலியன்ட். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றவர். தரப்பட்ட ஏட்டைப் படித்துப் பார்த்ததும், இந்த வரி மாந்திரீக எழுத்தாளர் அலிஸ்டர் குரோலி எழுதியதாயிற்றே, இது வேறொரு இடத்திலிருந்து வந்ததாயிற்றே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நேராகவே கேட்டார். எனக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான், இட்டு நிரப்ப வேண்டியிருந்தது, உன்னால் முடிந்தால் நீயே சரியாக எழுது என்கிற விதத்தில் கார்ட்னர் பதில் சொன்னார். வேலியன்ட் உட்கார்ந்து எழுதினார். இன்று உலகம் முழுக்க விக்காவினர் சடங்கில் சொல்லும் தேவியின் திருமொழி, அவர் கை பட்டு உருவானது. 1957இல், வயதான தலைமைப் பூசாரிணி இளையவளுக்கு இடம்விட்டு விலக வேண்டும் என்பது உள்ளிட்ட ‘பழைய சட்டங்கள்’ என்று கார்ட்னர் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். அவை பழையவை அல்ல என்று வேலியன்ட்டுக்குப் புரிந்தது. அந்தக் குழுவிலிருந்து வெளியேறினார். விக்காவிலிருந்து வெளியேறவில்லை.

பொய்யைப் பொய் என்று கண்டு, அதனால் மெய்யை விட்டுவிடாமல் எழுதிக்கொண்டே இருந்த ஒரு பெண். அந்த நிமிர்வுக்கு முன்னால் என் ஏமாற்றம் சின்னதாகிவிட்டது. மனிதர்கள் சொல் சொல்லாகக் கூட்டிச் சேர்த்த வழிபாடு இது என்றால், அதில் என் தமிழுக்கும் ஒரு பக்கம் கிடைக்கும் அல்லவா?

சரி, சடங்குக்கு வருகிறேன்.

விக்காவுக்குக் கோயில் இல்லை. ஒவ்வொரு முறையும் வட்டம் வரைந்து இடத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மரபுப்படி ஒன்பதடி விட்டம். என் அறையில் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தாலும் ஆறடிதான் தேறும். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதுதான் பீடம். கிழக்கில் காற்றுக்கு ஊதுவத்தி, தெற்கில் நெருப்புக்கு மெழுகுவர்த்தி, மேற்கில் ஒரு கிண்ணம் நீர், வடக்கில் மண்ணுக்கு ஒரு கல்லும் உப்பும். உப்பை நீரில் கலந்து சுற்றிலும் தெளித்துத் தூய்மை செய்ய வேண்டும். பிறகு அதாமே என்ற கத்தியை நீட்டிப் பிடித்து, வலஞ்சுழியாக நடந்து வட்டத்தை வரைய வேண்டும். பிறகு நான்கு திசைகளையும் அழைக்க வேண்டும். தேவியையும் தேவனையும் அழைக்க வேண்டும்.

அதாமே கருப்புக் கைப்பிடியும் இருபுறக் கூரும் உள்ள கத்தி. அதனால் எந்தப் பொருளையும் வெட்டக் கூடாது. மனத்தின் கூர்மையை நீட்டுவதற்கு மட்டுமே அது. வெட்டுகிற வேலைக்கு வெள்ளைக் கைப்பிடிக் கத்தி தனியாக உண்டு. என்னிடம் இருந்தது உறை பிரிக்கும் கத்திதான், கருப்புப் பிடி, இருபுறமும் மழுங்கிய விளிம்பு. பத்து வருடம் ஒப்பந்த உறைகளைப் பிரித்தது. உப்புநீரில் கழுவி, புகை காட்டிப் பீடத்தில் வைத்தேன். அன்றிலிருந்து உறைகளை விரலால்தான் கிழிக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று முறை உறையைக் கிழிக்கும்போதெல்லாம் அந்தக் கத்தி நினைவுக்கு வருகிறது. ஒரு பொருளைப் புனிதம் ஆக்குவது என்றால் என்ன என்று எந்தப் பக்கத்தைப் படித்தும் எனக்கு இப்படி உறைத்ததில்லை.

வலஞ்சுழி என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. வட அரைக்கோளத்தில் சூரியன் கிழக்கே எழுந்து தெற்கு வழியாக மேற்கே போகிறது. வட்டம் அதைப் பின்தொடர்கிறது. தெற்கில் நெருப்பு வைப்பதும் அதனால்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சூரியன் வடக்கு வழியாகப் போகும். அங்கே பலர் நெருப்பை வடக்கில் வைத்து இடஞ்சுழியாக நடக்கிறார்கள். குளிர்காலக் கதிர்த்திருப்பமான, பகல் மிகக் குறுகிய ‘யூல்’ திருநாளை டிசம்பரில் கொண்டாடாமல் ஜூனில் கொண்டாடுகிறார்கள். ஏட்டில் உள்ளதை விட்டுவிட்டு வானத்தில் உள்ளதைப் பின்பற்றுகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது.

ஏப்ரல் முழுநிலவு அன்று ஒரு தவறு நடந்தது. முழுநிலவுக் கூடுகைக்கு எஸ்பாட் என்று பெயர். தெற்கு மெழுகுவர்த்தியில் பீடத்துணியின் ஓரம் பற்றிக்கொண்டது. மேற்குக் கிண்ணத்து நீரை எடுத்து ஊற்றினேன், அணைந்துவிட்டது. கை நடுங்கியது. விளக்கைப் போட்டு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. துணிக்காக இல்லை. அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல், திசைகளை வழியனுப்பாமல், வட்டத்தைத் திறக்காமல் விட்டுவிட்டேன். விருந்தாளிகளை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. விடியற்காலை எழுந்து, ஈரத்துணியின் மேலேயே நின்று, ஒவ்வொரு திசைக்கும் நன்றி சொல்லி, இடஞ்சுழியாக நடந்து வட்டத்தைத் திறந்தேன். அப்புறம்தான் உடம்பு தளர்ந்தது. அதுவரை தொடக்கத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து முடிவை முதலில் படித்தேன். மெழுகுவர்த்தியும் கண்ணாடிக் குவளைக்குள் போய்விட்டது.

நோட்டில் தமிழ் எனக்குக் கைகொடுத்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். விக்காவில் ஒரு வேண்டுதலை முடிக்கும்போது ‘அப்படியே ஆகுக’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்காக வழக்கொழிந்த ஒரு பழைய வினைச்சொல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நமக்குத் தோண்ட வேண்டாம். வாழ்க, வருக, ஆகுக. வியங்கோள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டளையாகவும் இல்லாமல் கெஞ்சலாகவும் இல்லாமல், வாழ்த்தும் விருப்பமும் சேர்ந்து நிற்கிற வடிவம். திசைகளை ‘வா’ என்று அழைக்கக் கூச்சமாக இருந்தது, ‘வாருங்கள்’ என்றால் வீட்டுக்கு வந்தவரை அழைப்பது போல இருந்தது. ‘கிழக்கே வருக, காற்றே வருக’ என்றதும் குரல் தானாக நிமிர்ந்தது.

இந்த வியங்கோள்தான் விக்காவின் மைய வாக்கியத்தையும் எனக்குத் திறந்து காட்டியது. ‘ரீட்’ என்பார்கள். ஆங்கிலத்தில் எட்டே சொல். வேலியன்ட் 1964இல் ஓர் உரையில் அதைப் பொதுவெளியில் சொன்னார். நான் முதலில் எழுதியது: ‘யாருக்கும் தீங்கு செய்யாதே, உன் ஆசைப்படி நட.’ ஒப்பந்தம் மொழிபெயர்க்கும் கண்ணுக்கு இதில் இரண்டு பிழை தெரிந்தது. மூலத்தில் தடை இல்லை, நிபந்தனை இருக்கிறது. தீங்கு இல்லையென்றால் செய் என்றுதான் சொல்கிறது. தீங்கு இருந்தால்? அதற்கு வாக்கியத்தில் பதில் இல்லை. அறுவை சிகிச்சை செய்பவர் உடம்பைக் கீறுகிறார், அடிக்க வந்தவனைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் நீயே எடைபோடு, விளைவையும் நீயே சும என்று விட்டுவிடுகிறது. ‘ரீட்’ என்ற சொல்லுக்கே அறிவுரை என்றுதான் பொருள். சட்டம் என்று பொருள் இல்லை. இரண்டாவது பிழை ஆசை. மூலத்தில் உள்ளது மனத்தின் ஆழத்தில் உறுதிப்பட்ட நாட்டம். வந்து போகிற ஆசை வேறு.

நான்காவது முறையாக எழுதியது நின்றது: ‘எவர்க்கும் தீங்கில்லையெனில், உன் சித்தப்படி செய்க.’ செய் இல்லை, செய்க.

மையின் ஈரம் காய்வதற்குள் அதற்குச் சோதனை வந்தது. உடன் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, என் நோட்டைப் பற்றித் தெரிந்தவள், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, ஒருத்தன் மனசை நம்ம பக்கம் திருப்பறதுக்கு உங்க புத்தகத்துல ஏதாவது இருக்கா?”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா எதுக்குக்கா உங்ககிட்ட வர்றேன்?”

“அவனுக்குத் தெரியாம அவன் மனசுல கை வைக்கிறது தீங்கு இல்லையாம்மா? உன் மனசுல யாராவது அப்படிக் கை வச்சா?”

அவள் பதில் சொல்லவில்லை. அழுதாள். விக்காவில் பெரும்பாலானோர் ஏற்கும் நெறி இது: ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் மேல் எதையும் செய்யக் கூடாது, நல்லது என்றாலும் கேட்டுவிட்டுத்தான். செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பலர் அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. தண்டனைக்குப் பயந்து விலகினால் அது ரீட் சொல்வது ஆகாது. அன்று மாலை அவளும் நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தோம். அவனுக்காக இல்லை. நேரில் பேசும் துணிச்சல் அவளுக்கு வர வேண்டும் என்று. ‘வருக’ என்ற சொல்லை அவளே சொன்னாள். பேசினாளா, என்ன ஆயிற்று என்பது அவள் கதை.

எல்லாவற்றையும் நான் அப்படியே ஏற்கவில்லை. தேவிக்கு மூன்று உருவம் சொல்வார்கள்: கன்னி, தாய், கிழவி. வளர்பிறை, முழுநிலவு, தேய்பிறை. எனக்கு 47 வயது. பிள்ளை இல்லை. நிலவை இப்படிப் பங்கு போட்டால் நான் எந்தப் பங்கு? பெண்ணின் வாழ்க்கையைப் பிள்ளைப்பேற்றை வைத்து அளக்கும் இந்தக் கணக்கு போதாது என்று விக்காவுக்குள்ளேயே பலர் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் மூன்றாவது பெயரை எழுதும்போது மூதாட்டி, முதியவள் என்று மரியாதைச் சொல் தேடிவிட்டு, கடைசியில் ‘கிழவி’ என்றே எழுதினேன். கிழமை என்றால் உரிமை. பழந்தமிழில் கிழவன், கிழத்தி என்றால் உரியவன், உரியவள். வசவு போலப் புழங்கும் சொல்லுக்குள் உரிமை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிழவியிடம் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. உண்மையில் ஒரு தேவி இருக்கிறாளா, மனத்தின் உருவமா, இயற்கையின் பெயரா என்று விக்காவினரிடம் கேட்டால் மூன்று பதிலும் வரும். தேய்பிறையைப் பார்த்துப் பேசும்போது யாரோ கேட்கிறார் என்றே நான் பேசுகிறேன்.

அக்டோபர் 31 இரவு வரும் திருநாளின் பெயரை எழுத்துப்படி படித்தால் தவறாகப் போகும். ஒலிப்பைத் தமிழில் எழுதினால் ‘சாவின்’. கோடையின் முடிவு என்று பொருள் சொல்வார்கள். இறந்தவர்களுக்கும் நமக்கும் இடையிலான திரை மெலிந்திருக்கும் இரவு, முன்னோரை நினைக்கும் இரவு அது. நோட்டில் ‘சாவின் இரவு’ என்று தலைப்பு எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் ஒலி ஒற்றுமைதான், தெரியும். இருந்தாலும் மயிர்க்கூச்செறிந்தது. பீடத்தில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வைத்தேன். இடதுபக்கக் காது வளையத்தில் அவர் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னேன். பதினொரு பெயர். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை ‘அப்பா’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன், பெயரைச் சொன்னதே இல்லை. அன்று ரொட்டித் துண்டையும் திராட்சைச் சாற்றையும் முதலில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுச் சக்கரம் என்று விக்காவினர் சொல்லும் எட்டுத் திருநாட்களும் இப்போதுள்ள வடிவில் பழையவை அல்ல. சில பெயர்கள் 1970களில் வைக்கப்பட்டவை. இங்கிலாந்தின் பருவங்கள் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனால் கதிரவன் எல்லா ஊரிலும் இடம் மாறுகிறான். நோட்டைத் தொடங்கிய அன்று, கிழக்கு ஜன்னலுக்கு எதிரே நாற்காலியை ஓர் இடத்தில் நிலைநிறுத்தி, அதில் உட்கார்ந்து, சூரியன் எழும் இடத்துக்கு நேராக ஜன்னல் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். வாரம் ஒருமுறை ஒரு கோடு. மார்ச்சில் கோடுகள் விலகி விலகி விழுந்தன, இடக்கைப் பக்கம், வடக்கே ஓடின. ஜூனில் நெருங்கி ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. சில நாள் நகரவே இல்லை. கதிர்த்திருப்பத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல், ‘சூரியன் நிற்பது’ என்ற லத்தீனிலிருந்து வந்தது என்று படித்திருந்தேன். சட்டத்தில் அது பென்சில் கறையாகத் தெரிந்தது. பிறகு திரும்பியது. சாவின் கழிந்த மறுவாரம் முதல் கோட்டை ஒருமுறை தொட்டுக் கடந்து தெற்கே போய், டிசம்பர் 21ஐ ஒட்டி மறுபடி நின்று, திரும்பி வந்தது.

பிப்ரவரி 1 விடியலில் முதல் கோட்டின் மேலேயே சூரியன் எழுந்தான். புதுக் கோடு போட இடமில்லை. மறுநாள், அந்த ஒரு நாளில், நோட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டு வட்டத்துக்குள் நின்றேன். கத்தியை நீட்டினேன். கிழக்கே வருக என்றேன். அடுத்த வரி தானாக வந்தது.